வாசிப்பும் வாழ்விடமும்

ஒரு நூலைப் படித்து முடித்தவுடன் ‘நன்று’ என்றோ ‘நன்றன்று’ என்றோ கூறிவிடுவது மட்டும் கருத்தாகாது. அச்சொல்லுக்குரிய காரணத்தைத் தேடும்போதே கருத்துப் பிறக்கிறது. சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ புதினம் 1969இல் வெளிவந்தது. சர்க்கரை ஆலை அமைப்பதற்காக ஒரு வனம் எரித்து அழிக்கப்படுவதே அதன் கதை. காவிரிக்கரையில் பிறந்தவர் அந்நூலில் தம் ஊர் மரங்களைக் காணக்கூடும். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் பணிக்குச் செல்லும் ஒருவரின் மகளோ, தன் வீட்டில் உலை கொதிக்கச் செய்யும் ஆலையையும் அதில் காண்பாள். வனத்தின் அழிவுக்காக அவள் வருந்தலாம். ஆலையை முற்றிலும் வெறுக்க அவளால் இயலாது. இம்முரணை மறைத்து, முன்னுரையிலுள்ள பாராட்டையே அவள் திருப்பி எழுதினால் அது பிறர் கருத்தாகவே நின்றுவிடும். எனினும், சொந்த அனுபவம் ஒன்றே தீர்ப்பாகிவிடாது. ஆசிரியர் எதைக் காட்டினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதை நூலை மீண்டும் புரட்டிச் சரிபார்த்தல் வேண்டும். வாழ்விடம் வினாவை எழுப்பட்டும். விடையை நூலோடு வாதிட்டுப் பெறுவதே நல்ல வாசிப்பு.