மண் போனால் திரும்புமா?

மலைச்சரிவில் மழை கொட்டுகிறது. ஓடை சிவப்பாக ஓடுகிறது. ஓடுவது தண்ணீர் மட்டும் அல்ல, உழவனின் மேல்மண்! ஓர் அங்குல மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அது போக, சில பெருமழைகள் போதும்.

5 சென்டிமீட்டர் மழை நாள் முழுவதும் தூறினால் மண் குடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் கொட்டினால் மண்ணையே அடித்துக்கொண்டு போகும். ஆகவே, மழையின் வேகமும் தெரிய வேண்டும்.

நீலகிரி அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை பெய்தது. மழைமானி இருந்தது, தெரிந்தது. மழைமானி இல்லாத சரிவுகளின் கதி என்ன?

அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவும் ஜப்பானும் 2014-ல் மழையை அளக்கும் செயற்கைக்கோளை ஏவின. அதையும் மற்றச் செயற்கைக்கோள்களையும் கொண்டு அரை மணிக்கு ஒரு கணக்கு எடுக்கிறார்கள். அதை இலவசமாகவே பெறலாம். அதனுடன் சரிவு, மண்வகை, பயிர் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மண் எங்கே அதிகம் அரிக்கும் என்று மதிப்பிடலாம்.

மலைகளில் இந்தக் கணக்கு தவறுவதும் உண்டு. அதைச் சரிபார்க்க மழைமானிகள் வேண்டும்.

கணக்கு காகிதத்தில் தூங்கக்கூடாது. மழைக்கு முன்பே ஊராட்சிக்குப் போகவேண்டும். ஆபத்தான சரிவில் வரப்புப் போட அரசாங்கம் உதவவேண்டும். மண் போன பிறகு கணக்குப் பார்த்து என்ன பயன்?