ஊசி குத்தட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம்

2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தின் நேமம் பகுதியில், வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்தார்கள். கணவர் கைதானார். அடுத்த சில நாள்களில் இதே வழக்கில் அக்குபங்சர் சிகிச்சையாளர் ஒருவரையும் போலீஸார் கைதுசெய்தனர். ஊசி குத்தி யாரும் சாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தில் போகாததுதான் இரண்டு உயிர்களையும் கொண்டுபோனது.

அக்குபங்சர் முழுக்க ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. நாள்பட்ட முதுகுவலி உள்ள 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வின் முடிவு 2007-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு முறைப்படியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பிரிவினருக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் மேலாக ஊசி. மூன்றாம் பிரிவினருக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் 47.6 சதவீதத்தினருக்கும் மூன்றாம் பிரிவில் 27.4 சதவீதத்தினருக்கும் பலன் தெரிந்தது. கண்ட இடத்தில் ஊசி குத்திக்கொண்டவர்களில்? 44.2 சதவீதம்! வலி குறைந்தது உண்மை. புள்ளிகளின் மகிமை பற்றிச் சொல்லப்படுவதைத்தான் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் அரசுகளும் அளந்தே அடியெடுத்து வைக்கின்றன. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2009-ல் முதுகுவலிக்கு இதைப் பரிந்துரைத்தது, 2016-ல் அதை விலக்கிக்கொண்டது. ஒற்றைத் தலைவலி போன்ற சில தலைவலிகளுக்கான பரிந்துரையை விட்டுவைத்தது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு 2020 முதல் நாள்பட்ட முதுகுவலிக்குப் பணம் தருகிறது. ஆனால் 90 நாளில் 12 அமர்வுதான். முன்னேற்றம் தெரிந்தால் மேலும் எட்டு, இல்லையென்றால் நிறுத்தம். நம்மூர் நோயாளியும் முதல் நாளே இதைக் கேட்கலாம்: எத்தனை அமர்வு, எத்தனை ரூபாய், குணம் தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவது?

இனி ஊசி. தலைமுடியைவிடச் சற்றே தடித்த, உள்ளே துளையில்லாத கம்பி அது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டியது. முத்திரையிட்ட உறையை நோயாளியின் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். டப்பாவிலிருந்தோ பஞ்சுச் சுருளிலிருந்தோ எடுத்தால் அங்கேயே எழுந்துவிடுவது நல்லது; ஊசி வழியாக மஞ்சள் காமாலைக் கிருமி பரவிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. தோள், மார்புப் பகுதியில் ஆழம் தப்பினால் நுரையீரலில் துளை விழும். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசியில் மின்சாரம் பாய்ச்சும் முறை பேஸ்மேக்கர்காரர்களுக்கு ஆகாது.

தமிழ்நாட்டில் பெரிய ஆபத்து ஊசியில் இல்லை, அதோடு சேர்த்துத் தரப்படும் அறிவுரையில் இருக்கிறது. இங்கே ஊசியே இல்லாமல், நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பும் ‘ஹீலர்’கள் ஊருக்கு ஊர் உண்டு. தொடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. ‘சுகர் ஒரு நோயே இல்லை, மாத்திரையை விடுங்கள்’, ‘காய்ச்சல் என்றால் உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, மருந்து கொடுக்காதீர்கள்’ என்று அவர்களில் சிலர் சொல்வதுதான் கெடுதல். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் அப்படித்தான். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகே ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. ‘கழிவு போய்விட்டது’ என்று வீட்டார் நிம்மதியடையும் நேரம் அது.

மத்திய அரசு 2019-ல் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கம் 1996-லும் மகாராஷ்டிரம் 2015-லும் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றின. சில மாத வகுப்பில் வாங்கிய சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் கிளினிக் திறக்கலாம் என்ற நிலை தமிழ்நாட்டில் தொடரக் கூடாது. படிப்புக்கு ஒரு தரம், சிகிச்சையாளருக்குப் பதிவு எண், கிளினிக்கில் ஊசிக் கழிவை அகற்ற ஏற்பாடு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கும் சட்டத்தை மாநில அரசு கொண்டுவர வேண்டும். மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்பவரின் பதிவை ரத்துசெய்யும் பிரிவு அந்தச் சட்டத்தில் முதலாவதாக இருக்க வேண்டும்.