ஃப்ரிட்ஜுக்கு ஒரு பேனல் போதும் என்பவர்களுக்கு

"ஃப்ரிட்ஜ் 150 வாட்தானே சார்? 150 வாட் பேனல் ஒன்று, 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று, சின்ன இன்வெர்ட்டர் ஒன்று. போதும்." சோலார் வாங்கப் போகிறவர்களுக்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில் இதுதான். மின் இணைப்புக்குக் காத்திருக்கும் தோட்டத்து வீட்டுக்காரர்களும், இன்சுலின் வைத்திருக்கும் குடும்பங்களும் இதை நம்பிப் பணம் போடுகிறார்கள். இந்தக் கணக்கில் ஒரு உறுப்புகூடச் சரியில்லை என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில், வாட்டுக்கு வாட் பொருத்துவது. ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஆகவே நமக்கு வேண்டியது ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு. அது கதவில் ஒட்டிய நட்சத்திர லேபிளிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு 183 யூனிட் என்று போட்டிருந்தால் நாளுக்கு அரை யூனிட். ஆனால் அது சோதனைக் கூடத்து அளவு. மே மாதத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளைகள் ஓயாமல் திறந்து மூடும் ஃப்ரிட்ஜுக்கு 0.7 யூனிட் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

பேனலில் அச்சடித்த 150 வாட்டும் சோதனைக் கூடத்து எண்தான். பேனலின் செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. சித்திரை வெயிலில் மொட்டைமாடிப் பேனல் 60 டிகிரி வரை கொதிக்கும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். எட்டில் ஒரு பங்கு அந்தச் சூட்டிலேயே போய்விடுகிறது. தூசி, வயர், சார்ஜ் கன்ட்ரோலர் இழப்புகளையும் கழித்தால், நல்ல மாதத்தில்கூட 150 வாட் பேனல் தருவது நாளுக்கு அரை யூனிட்டைச் சற்றே தாண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதுவும் கிடைக்காது.

அடுத்தது, யாரும் வாய் திறக்காத செலவு: இன்வெர்ட்டர் தனக்கே எடுத்துக்கொள்ளும் மின்சாரம். கம்ப்ரசர் நின்றிருக்கும்போதும் இன்வெர்ட்டர் விழித்தேதான் இருக்க வேண்டும். 15 வாட் என்றாலும் 24 மணி நேரத்தில் 0.36 யூனிட். லேபிளில் போட்டிருக்கும் ஃப்ரிட்ஜின் செலவில் முக்கால் பங்குக்கு நெருக்கமான தொகை இது! விற்பவர் இதைச் சொல்லாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்வெர்ட்டர் வாங்கும்போது, லோடு இல்லாத நேரத்தில் எத்தனை வாட் எடுக்கும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

இப்போது கூட்டுவோம். ஃப்ரிட்ஜுக்கு 0.7, இன்வெர்ட்டருக்கு 0.36, மாற்றும்போது போகும் இழப்பு 0.1. பேட்டரியிலிருந்து வர வேண்டியது நாளுக்குக் கிட்டத்தட்ட 1.15 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதால், பேனல் 1.4 யூனிட் தந்தாக வேண்டும். மேகம் மூடிய மாதத்தில் ஒரு கிலோவாட் பேனலுக்கு 3 யூனிட் என்று எடுத்தால், தேவை 470 வாட். இன்று கிடைக்கும் 540 வாட் பேனல் ஒன்றும் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலரும் போட்டால் சரியாக வரும். கடைக்காரர் சொன்னதைப்போல் மூன்றரை மடங்கு.

பேட்டரிக் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. 12 வோல்ட், 150 ஏ.ஹெச்.; பெருக்கினால் 1.8 யூனிட். "ஒன்றரை நாள் தாங்கும்" என்கிறார்கள். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். கைக்கு வருவது 0.9 யூனிட், அதாவது ஒரே இரவு. மறுநாள் மேகம் போட்டால் பால் திரிந்துவிடும். இரண்டு பேட்டரிகளைத் தொடரில் இணைத்து 24 வோல்ட்டாக வைப்பதே குறைந்தபட்சம். சோலாருக்கென்று விற்கும் சி10 பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளில் பல, மெதுவாக இறக்கும் சி20 கணக்கில் அளவிடப்பட்டவை.

சின்ன இன்வெர்ட்டர் என்பதும் தவறு. பழைய வகைக் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓடும் மின்சாரத்தைப்போல் பல மடங்கு இழுக்கும். அதைத் தாங்க 1000 வி.ஏ. சைன் வேவ் இன்வெர்ட்டராவது வேண்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள ஃப்ரிட்ஜ் மெதுவாகக் கிளம்பும் என்பதால், புதிதாக வாங்குகிறவர்கள் அதையே வாங்கலாம்.

"மாடியில் ஆன்கிரிட் சோலார் இருக்கிறதே, கரண்ட் போனாலும் ஃப்ரிட்ஜ் ஓடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. ஓடாது. லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக, மின்சாரம் நின்றதும் அந்த இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும்.

கட்டணம் மிச்சமாகும் என்பதும் நிற்காது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அரை யூனிட் ஃப்ரிட்ஜுக்கு ஆவது 30 யூனிட். லைன் இருக்கும் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் பேட்டரி சோலார் போட்டால், போட்ட பணம் திரும்பாது. லைன் இல்லாத இடத்துக்கும், 2018 கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் பட்டதுபோல் நாள்கணக்கில் இருளில் கிடக்கும் ஆபத்துள்ள இடத்துக்குமே இந்தச் செலவு தகும்.

அங்கும் எல்லாக் குளிரையும் பேட்டரியில் சேமிக்க வேண்டியதில்லை. மின்வசதியற்ற சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் சோலார் குளிர்பெட்டிகளில் பேட்டரி இல்லாத வகை உண்டு. பகலில் பனிக்கட்டி உறைந்து, இரவில் அதுவே குளிரைக் காக்கும். வீட்டிலும் வெயில் நேரத்தில் ஃப்ரீசர் நிறையத் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து, மாலையில் சிலவற்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் கம்ப்ரசர் இரவில் குறைவாக ஓடும். இன்சுலினை மட்டும் அந்தப் பாட்டில்களை ஒட்டி வைக்காதீர்கள். அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஒரு முறை உறைந்துவிட்டால் பிறகு பயன்படுத்தக் கூடாது.