“மீன்தானே!” என்று சொல்லாதீர்



சில வாரங்களுக்கு முன் எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவன் வாடிய முகத்துடன் வந்தான். “ஹஜ்ரத், எங்க வீட்டுத் தங்கமீன் மவுத்தாயிடுச்சு. நம்ம வீட்டுக்கு வர இருந்த முஸீபத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சுன்னு நன்னி சொல்றாங்க. அது உண்மையா?” என்று கேட்டான். எத்தனையாவது மீன் இது என்று விசாரித்தேன். ரமளானுக்குப் பிறகு இது நான்காவது என்றான்.

மறுநாள் அவனுடைய வீட்டுக்குச் சென்றிருந்தேன். வரவேற்பறை அலமாரியில், மூன்று செம்பு தண்ணீர் கூடக் கொள்ளாத உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம். அடியில் ஊறிக் கரைந்த தீனி. அதற்குள் ஐந்தாவது மீனை வாங்கிவிட்டிருந்தார்கள். அது நீர்ப்பரப்பில் வாயை வைத்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. “கண்ணேறு படாமல் இருக்க வைத்திருக்கிறோம், ஹஜ்ரத்” என்றார்கள். தண்ணீர் நாறுகிறதே என்றேன். “மீன்தானே, ஹஜ்ரத்! செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்” என்று சிரித்தார்கள்.

அந்த வீட்டாரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. இதே கிண்ணத்தையும் இதே பேச்சையும் நம்மவர் வீடுகள் பலவற்றில், கடைகளில், ஏன், சில பள்ளிவாசல்களின் வாசலில்கூடக் காண்கிறேன். அந்தச் சிறுவனின் கேள்விக்கு நாம் அனைவரும் விடை சொல்லியாக வேண்டும். விடை இதுதான்: அந்த மீன் முஸீபத்தை வாங்கிக்கொண்டு போகவில்லை. நாம் கொடுத்த அழுக்கு நீரில் மூச்சுத் திணறிச் செத்தது.

முதலில் நம்பிக்கையைப் பார்ப்போம். கண்ணேறு உண்மை என்பது ஹதீஸில் வந்த செய்தி. அதை மறுப்பவனல்லன் நான். ஆனால் அதற்குரிய பாதுகாப்பையும் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களே கற்றுத் தந்துவிட்டார்கள். சூரா ஃபலக்கும் சூரா நாஸும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவற்றை ஓத நாவு இருக்க, கண்ணாடிக்குள் ஒரு வாயில்லா ஜீவனை அடைத்து வைத்து அதனிடம் பாதுகாப்புத் தேடுவது எந்த மார்க்கம்? வாஸ்து மீன் என்று கடைக்காரர் விற்பதை நாம் “கண்ணேறு மீன்” என்று பெயர் மாற்றி வாங்குகிறோம். பெயர் மாறியதால் அது ஈமானாகி விடுமா?

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் அந்த மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என்று பேசிக்கொண்டார்கள். நபியவர்களோ, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று உடனே திருத்தினார்கள். தம் மகனின் மரணத்தைக்கூடச் சகுனமாக்க விடாத தூதரின் உம்மத்து, ஒரு தங்கமீனின் மரணத்தைச் சகுனமாக்குகிறது! வெட்கப்பட வேண்டாமா?

இந்த நம்பிக்கை மற்றொரு கேட்டையும் செய்கிறது. அது குற்றவாளியைத் தப்பிக்க விடுகிறது. மீன் செத்ததும் “ஏன் செத்தது?” என்று கேட்க வேண்டிய வீடு, “நல்லவேளை!” என்று மூச்சு விடுகிறது. காரணம் ஆராயப்படுவதில்லை, கிண்ணம் மாற்றப்படுவதில்லை, அடுத்த மீன் வந்து சேர்கிறது.

“அறுக்காமலே ஹலாலான பிராணிக்கு இவ்வளவு பேச்சா?” என்று ஒரு சகோதரர் என்னிடம் வாதாடினார். உண்பதற்கு அனுமதி என்பது வதைப்பதற்கு அனுமதியன்று. அறுக்கும் பிராணிக்கே கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், அதற்கு இதமளியுங்கள் என்று கட்டளையிட்ட மார்க்கம் இது. தவிரவும், தானாகச் செத்து மிதக்கும் மீனை உண்ணலாகாது என்பதே நம் ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஆகவே உங்கள் கிண்ணத்தில் செத்தது உணவாகவும் ஆகவில்லை, உயிராகவும் மிஞ்சவில்லை. எதற்காக அதன் உயிர் போயிற்று?

பூனையொன்றைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், பூச்சி புழுக்களைத் தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. “நாங்கள்தான் வேளாவேளைக்குத் தீனி போடுகிறோமே” என்பீர்கள். அந்தத் தீனிதான் அதைக் கொல்கிறது என்பதே வேதனை.

எப்படியென்று சொல்கிறேன். மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் அடியில் தங்கும் தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. ஆற்றிலோ ஏரியிலோ அது பெருநீரில் கரைந்து போகும். இரண்டு மூன்று லிட்டர் கிண்ணத்தில் எங்கே போகும்? அந்தச் செவுளையே அரிக்கும். வெயில் ஏறினால் இன்னும் மோசம்: நீர் சூடாகச் சூடாக அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 35 பாகையில் சுமார் 7 மில்லிகிராம்தான். நம் செஞ்சிப் பாறைகள் அனல் கக்கும் சித்திரை மாதத்தில் சன்னலோரம் வைத்த கிண்ணத்தின் கதி என்னவாகும்? மேலே வந்து வாய் பிளக்கும் மீனைப் பார்த்து, “முத்தம் கொடுக்கிறது” என்று குழந்தைக்குக் காட்டுகிறோம். அது மூச்சுக்குத் தவிக்கிறது, சகோதரிகளே!

அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சு. மற்றொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது தீங்கு குறைந்தது, செடிகளுக்கு உணவு. இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டரின் பஞ்சிலும் அடியிலுள்ள கூழாங்கற்களிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாமோ தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களை விடுகிறோம். நீர் கலங்கியதும் முழுவதையும் கொட்டி, பஞ்சையும் கற்களையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, சுத்தம் செய்துவிட்டதாக மகிழ்கிறோம். காப்பாற்றவிருந்த படையை நம் கையாலேயே அழித்துவிட்டோம் என்பதை அறிவதில்லை. சுத்தம் ஈமானில் பாதி என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். எது சுத்தம் என்பதை அறிந்துகொள்வதும் அதில் சேர்ந்ததன்றோ?

வளர்ப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறுவர் அபூஉமைர் வளர்த்த குருவி இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அன்போடு விசாரித்தார்கள். பறவையை ஏன் வைத்திருந்தாய் என்று கண்டிக்கவில்லை. ஆகவே முறையோடு வளர்க்க அனுமதி உண்டு என அறிஞர்கள் விளக்கியுள்ளனர். முறையோடு என்பதுதான் நிபந்தனை.

அந்த முறை கடினமானதன்று. உருண்டைக் கிண்ணத்தை விட்டுவிடுங்கள். தங்கமீன் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. ஒரு சாண் அளவுக்கு வளரக்கூடியது. அதற்கு அகன்ற பெரிய தொட்டியும் ஃபில்டரும் வேண்டும். அதற்கு இடமில்லையெனில் தங்கமீன் வாங்காதீர்கள். புதுத் தொட்டியில் முதலில் ஓரிரு மீன்களை மட்டும் விட்டு, வாரங்கள் சென்றபின் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே தீனி. மிஞ்சினால் உடனே எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். பேரூராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தபின் ஊற்றுங்கள். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். அதையும் சற்று ஆற வைத்து, கலக்கிவிட்டு ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். சோப்புக் கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். வெயில் நேரே படும் இடம் வேண்டாம்.

“இவ்வளவு நீரை வாராவாரம் வீணாக்குவதா?” என்று கேட்பவர்கள் உண்டு. வீணாவதில்லை. நைட்ரேட் கலந்த அந்த நீரை முருங்கைக்கும் மருதாணிச் செடிக்கும் ஊற்றுங்கள். நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ உண்டால் அது தர்மமாகும் என்பதை அறிந்தவர்கள்தாமே நாம்!

வீட்டுத் தொட்டியிலிருந்து பள்ளிவாசல் ஹவ்ளுக்கு வருவோம். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று ஹவ்ளில் மீன் விடும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது, நல்ல வழக்கம். மீன் வாழ்வதால் ஒளூ நீர் அசுத்தமாகிவிடாது. ஆனால் ஃபிக்ஹின்படி ஒளூ கூடும் என்பதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நிர்வாகங்கள் நினைப்பது தவறு. ஒளூ கூடும் நீரிலேயே மீன் செத்து மிதக்கக் கூடும். பண்டிகைக்கு முன் ஹவ்ளைச் சுத்தம் செய்கிறோம் என்று மீன்கள் இருக்கும்போதே பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதை நான் கண்டிருக்கிறேன். அது செவுளைச் சுட்டெரிக்கும் நஞ்சு. மீன்களைப் பழைய நீரோடு பெரிய தொட்டிகளுக்கு மாற்றி, ஹவ்ளைத் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பி, குளோரின் நீங்கியபின் மீண்டும் விடுவதற்கு ஒருநாள் உழைப்புப் போதும். அந்த ஒருநாளைக் கொடுக்க மனமில்லையெனில் ஹவ்ளில் மீன் விடாதீர்கள்.

இன்னொரு தீமையை நன்மை என்று எண்ணிச் செய்கிறோம். வளர்க்க முடியாத மீன்களைப் “பாவம், பிழைத்துப் போகட்டும்” என்று ஏரியிலும் குளத்திலும் விடுகிறோம். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் சக்கர் மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அது தொட்டியைச் சுத்தம் செய்வதாகச் சொல்வதே அரைப் பொய். பாசியைச் சுரண்டும், அதற்கு ஈடாகக் கழிவையும் சேர்க்கும். ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்து தொட்டிக்கு அடங்காதபோது அதைக் குளத்தில் விட்டால், உடலெங்கும் கவசம் கொண்ட அதை நம் ஊர் மீனோ கொக்கோ எளிதில் தின்ன முடியாது. கரையைத் துளைத்து, பெருகி, வலை வீசிப் பிழைப்பவரின் வயிற்றில் அடிக்கும். ஓர் உயிருக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து ஒரு நீர்நிலை முழுவதற்கும் அநீதி செய்கிறோம். வளர்க்க முடியாவிட்டால் கடைக்காரரிடமோ வளர்ப்பவரிடமோ திருப்பிக் கொடுங்கள்.

நாம் வாழும் ஊர் நீரின் அருமை அறிந்த ஊர். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும் செஞ்சிக் கோட்டை தாக்குப்பிடித்ததென்றால், அதற்கு மதில்கள் மட்டும் காரணமல்ல. மலைமேல் சுனைகளும் அடிவாரத்தில் குளங்களும் இருந்தன. பிற்காலத்தில் 1717-18இல் ஸஆதத்துல்லாஹ் கான் பெயரில் மஸ்ஜித் எழுந்ததும் இதே கோட்டைக்குள்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தபோது நாம் இனிப்பு வழங்கி மகிழ்ந்தோம். செட்டிக்குளத்தையும் சக்கரக்குளத்தையும் விருந்தினருக்குப் பெருமையோடு காட்டுகிறோம். பிள்ளைகளோடு அங்கே போகும்போது மீனுக்கென்று பிஸ்கட்டையும் பொரியையும் பையோடு கொட்டிவிட்டு வந்தால் அந்தப் பெருமைக்கு என்ன பொருள்? கிண்ணத்தில் அழுகும் தீனி குளத்தில் மட்டும் அழுகாதா? மக்கள் பயன்படுத்தும் நீர்த்துறைகளை அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது நம்மைத்தான்.

பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று இறைவேதம் உணர்த்துகிறது. கண்ணாடிக்குள் அடைபட்ட மீனுக்கு நாம் கொடுத்த நீரைத் தவிர வேறு உலகமில்லை. கெட்ட நீரிலிருந்து விலகி நீந்திப் போக அதற்கு வழியில்லை. அந்த வழியை அடைத்தவர்கள் நாம். எனவே அது அலங்காரப் பொருளன்று, அமானிதம்.

அந்தச் சிறுவனிடம் நான் சொன்னேன்: “மகனே, மீன் முஸீபத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நமக்குத் தெரியாததால் அது செத்தது. இனித் தெரிந்துகொள்வோம்.” அவன் சற்று யோசித்துவிட்டு, “அப்போ அந்த நாலு மீனுக்கும் யார் ஹஜ்ரத் பதில் சொல்வாங்க?” என்று கேட்டான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி. நான் தலை குனிந்தேன்.

ஐந்தாவது மீன் இப்போது மதரஸா வராந்தாவில், ஃபில்டர் பொருத்திய பெரிய தொட்டியில் நீந்துகிறது. வாராவாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் கால் பங்கு நீரை மாற்றுவது அந்தச் சிறுவனின் பொறுப்பு. முஸீபத்தை வாங்கிக்கொள்ளும் வேலை அதற்கு இல்லை.

நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிர் பற்றியும் நாம் விசாரிக்கப்படும் நாளை நினைவில் இருத்தி வாழ, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.