வாட்டைப் பார்க்காதீங்க, பெட்டியைப் பாருங்க

எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் இன்டர்ன்ஷிப்பில் வந்த முதல் ஸ்டைபண்டை அப்படியே கார் சப்-ஊஃபரில் போட்டான். அட்டையில் பெரிய எழுத்தில் '1200 வாட்'. அப்பாவோட பழைய ஹேட்ச்பேக் டிக்கியில் மாட்டி, எங்களை ஏத்திக்கிட்டு வால்யூமைத் திருப்பினான். நம்பர் பிளேட் கடகடன்னு ஆடுச்சு, டிக்கி கதவு நடுங்குச்சு, பேஸ் மட்டும் வரல. காலி டப்பாவைத் தட்டுற மாதிரி ஒரு 'டொம் டொம்', அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல படுக்கும்போது எல்லாருக்கும் காதுல 'ஙொய்ய்'னு ஒரு சத்தம்.

அவனைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆர்.எம்.எஸ். என்றால் என்னன்னு முதல் வருஷமே படிச்சோம். பரீட்சையில் எழுதினோம், கடை வாசலில் மறந்துட்டோம். அந்த 1200 பீக் வாட். தொடர்ந்து தாங்குற ஆர்.எம்.எஸ். பவர் 250-ன்னு பின்னாடி பொடி எழுத்தில் இருந்தது. சரி, வாட்டை இரண்டு மடங்காக்கினால்தான் என்ன கிடைக்கும்? 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமா கேட்கணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும், அதாவது பத்து மடங்கு பவர் வேணும். வாட்டைத் துரத்தி ஜெயிக்க முடியாது.

ஆழமான பேஸ் இன்னும் கஷ்டம். 80 ஹெர்ட்ஸில் வர்ற அதே சத்தம் மூடின பெட்டியில் 40 ஹெர்ட்ஸில் வரணும்னா, கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆடணும். பேஸ் கிட்டாரோட தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அதனால, கோன் எவ்வளவு பெருசு, எவ்வளவு தூரம் ஆடும், அதாவது எக்ஸ்-மேக்ஸ் எவ்வளவு, இதைத்தான் முதலில் கேட்கணும்.

அதைவிட முக்கியம் பெட்டி. கே.எல்.எச். ஸ்பீக்கர் கம்பெனி பேரில் இருக்கிற 'எச்', ஆன்டன் ஹாஃப்மன். அவர் பேரில் ஒரு இரும்பு விதி உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கம்மி பவரில் அதிக சத்தம், இந்த மூணில் இரண்டுதான் கிடைக்கும். நம்ம நண்பன் மூணையும் கேட்டான். கடையில் ரெடிமேடா இருந்த சின்னப் பெட்டியில் 12 இன்ச் டிரைவரைத் திணிச்சுக் கொடுத்தாங்க.

மூடின பெட்டி அளவில் சின்னது, சத்தம் நறுக்குன்னு இருக்கும். போர்ட் வெச்ச பெட்டி பெருசு, ஆனா டியூன் பண்ணின அதிர்வெண் பக்கத்தில் அதே பவருக்கு அதிக சத்தம் தரும். அதுக்குக் கீழே போனா கோன் கட்டுப்பாடு இல்லாம ஆடும், அதனால ஆம்ப்பில் சப்சோனிக் ஃபில்டர் அவசியம். எந்த டிரைவருக்கு எந்தப் பெட்டின்னு நாமளே கணக்குப் போடலாம். நெவில் தீல் 1961-லயும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் அதுக்கு வழி போட்டுக் கொடுத்துட்டாங்க. டேட்டா ஷீட்டில் எஃப்.எஸ்., கியூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். மூணும் இல்லாத டிரைவரை, எவ்வளவு மலிவா கிடைச்சாலும், வாங்காதீங்க.

'டிக்கி முழுக்கப் பெட்டியா இருந்தா லக்கேஜ் எங்கே வைக்கிறது?' நியாயமான கேள்விதான். ஊருக்குப் போக அந்த டிக்கி வேணும்னா மூடின பெட்டியில் ஒரு 10 இன்ச்சோட திருப்திப்படுங்க. காரோட மூடின அறையே கீழ் அதிர்வெண்களைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ஆனா அதிரணும், ஆழமாவும் இருக்கணும்னா இடத்தைக் கொடுத்துத்தான் ஆகணும்.

இதில் காசு மட்டும் போகல, காதும் போகுது. பேஸ் வரலன்னுதான் வால்யூமை ஏத்துறோம். அப்போ கூடவே ஏறி காதைக் கிழிக்கிறது வோக்கலும் ட்ரெபிளும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி நேரம். இது அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு பணியிடங்களுக்குச் சொல்ற வரம்பு. 100 டெசிபலுக்கு வந்தா 15 நிமிஷம்தான். நாம சுத்தினது ஒரு மணி நேரம்.

அடுத்த மாசம் அவன் ஒரு ஆசாரிகிட்ட 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் பெரிய போர்ட் பெட்டி செஞ்சான், கணக்கு நாங்க போட்டது. அதே டிரைவர், அதே ஆம்ப். இந்தத் தடவை பாதி வால்யூமிலேயே நெஞ்சுல வந்து உட்கார்ந்தது பேஸ். பேசினா பேச்சும் கேட்டது.

கடைக்காரர் 'எத்தனை வாட் வேணும் தம்பி?'ன்னு கேட்டா, 'இதுக்கு எத்தனை லிட்டர் பெட்டி வேணும்ணா?'ன்னு திருப்பிக் கேளுங்க. பதில் வரலன்னா அடுத்த கடைக்கு நடங்க.