கோயிலுக்கு வர முடியுது, வேலைக்குப் போக முடியலையா?



இந்த வாரம் உபயம், அன்னதானம் பற்றிய அறிவிப்பு இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு, குளிச்சு, சாப்பிட்ட பிறகு பொறுமையா படிங்க. "எழுதுங்க, இன்னொரு வீட்டுக்கு உதவும்"னு வீட்டுக்காரம்மா சொன்ன பிறகுதான் இதை எழுதுறோம்.

நம்ம கோயிலுக்கு வர்றவங்களுக்கு எங்க ரெண்டு பேரையும் தெரியும். வெள்ளிக்கிழமையில ஒருத்தர் சமையல்கட்டுல இருப்போம், ஒருத்தர் பூக்கட்டுற இடத்துல இருப்போம். அவங்க பிறையில ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில 22 வருஷம் ஓப்பரேட்டர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஒரு நாள் காலையில ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது பக்கவாதம் வந்துச்சு. அப்போ வயசு 50. உயிர் பிழைச்சது முருகன் அருள், டாக்டருங்க, தாதியருங்க செஞ்ச புண்ணியம். இடது கையும் இடது காலும் மட்டும் பழைய நிலைக்கு வரல.

நோயைக்கூட தாங்கிட்டோம். அதுக்குப் பிறகு பென்சனுக்கு மனு செஞ்சப்போ வந்த பயத்தைத்தான் தாங்க முடியல. அந்தப் பயத்துல பாதி நம்ம கோயில் வாசல்லேயே உண்டாச்சு. அதனாலதான் இங்க எழுதுறோம்.

முதல் தப்பு எங்களோடதுதான். இனி அந்த வேலைக்குத் திரும்ப முடியாதுன்னு டாக்டர் சொன்ன பிறகும், நாலு மாசம் சும்மா இருந்தோம். சொக்சோவுக்கு எழுதிப் போடுறது என்னமோ கை நீட்டுற மாதிரி பட்டுச்சு. "இவ்வளவு நாள் யார்கிட்டயும் கேட்டதில்லையே"ன்னு அவங்க அழுவாங்க. சேமிப்பு கரைஞ்சுச்சு. மகன் பாலிடெக்னிக்ல படிக்கிறான். வீட்டுக் கடன் நிக்கல.

ஒரு நாள் பழைய சம்பள ஸ்லிப்பை எடுத்து மேசையில பரப்பினோம். ஒவ்வொரு மாசமும் சொக்சோன்னு ஒரு வரி, ஒரு சின்னத் தொகை. 22 வருஷம். இது பிச்சை இல்ல, நாம கட்டின சந்தா. முதலாளியும் சேர்ந்து கட்டின சந்தா. அன்னைக்குத்தான் பாரம் எழுத உட்கார்ந்தோம்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றோம். பெர்கேசோ, நம்ம பெரியவங்க சொல்ற சொக்சோ, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துல வந்து 1971-லிருந்து நடக்குது. வேலை இடத்துல அடிபட்டா ஒரு திட்டம். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத நோயால உழைக்க முடியாமப் போனா அதுக்கு இன்னொரு திட்டம், அதுதான் இலாட் பென்சன். பக்கவாதம், இருதயம், சிறுநீரகம், எதுவா இருந்தாலும் மனு செய்யலாம். பொதுவா 60 வயசு ஆகுறதுக்கு முன்னால செய்யணும். முந்தின 40 மாசத்துல 24 மாசமாவது சந்தா கட்டியிருந்தா முழு பென்சனுக்குத் தகுதி உண்டு. சராசரிச் சம்பளத்துல 50-லிருந்து 65 விழுக்காடு வரைக்கும் கிடைக்கும். அந்த 24 மாசக் கணக்கு சரியா வரலன்னாலும் வேற கணக்குகள் இருக்கு, நேரா போய்க் கேளுங்க. சமூகநல இலாகா கொடுக்கிற ஓ.கே.யு. கார்டு வேற, இந்தப் பென்சன் வேற. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு தானா வந்துடாது. ரெண்டுக்கும் தனித்தனியா மனு செய்யணும்.

எல்லாத்தையும் விட முக்கியமான ஒண்ணு இருக்கு. இந்தத் திட்டம் பார்க்கிறது "இவரால நடக்க முடியுமா, கோயிலுக்குப் போக முடியுமா" என்பதை இல்ல. அதே மாதிரி நல்ல உடம்போட இருக்கிற ஒருத்தர் சம்பாதிக்கிறதுல மூணுல ஒரு பங்காவது இவரால சம்பாதிக்க முடியுமா என்பதைத்தான் பார்க்குது. இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

பாரம் போட்ட பிறகு வீட்டுல தூக்கம் போச்சு. தெரியாத நம்பர்ல போன் வந்தா அவங்களுக்கு நெஞ்சு அடிக்கும். தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டா எழுந்து நிப்பாங்க. விடியக்காலை மூணு மணிக்கு ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு, ஒருத்தர் தூங்குறதா இன்னொருத்தர் நினைச்சு அசையாம படுத்திருப்போம்.

அதுக்கு நடுவுல ஒரு விஷயம் நடந்துச்சு. மருத்துவ அறிக்கை வாங்கறதுக்கு ஆஸ்பத்திரி போனோம். டாக்டரம்மா மலாய்க்காரவங்க, ரொம்ப நல்லவங்க. "ஆப்பா கபார், புவான்?"னு கேட்டாங்க. இவங்க சிரிச்சுக்கிட்டே "கபார் பாய்க், டாக்டர்"னு சொல்லிட்டாங்க. கை எப்படி இருக்கு? பரவால்ல டாக்டர். வீட்டுல சமைக்கிறீங்களா? சமைக்கிறேன் டாக்டர். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது.

வெளிய வந்து காருல உட்கார்ந்த பிறகுதான் உறைச்சுது. சமைக்கிறேன்னு சொன்னாங்களே, வெங்காயம் நறுக்கிக் கொடுக்கிறது யாரு? சட்டியை இறக்கிறது யாரு? பொய் சொல்லணும்னு அவங்க நினைக்கல. வாழ்நாள் முழுக்க நாம அப்படித்தான் பழகியிருக்கோம். யார் கேட்டாலும் "நல்லா இருக்கோம், சாமி புண்ணியத்துல." தோட்டத்துல இருந்த எங்க அம்மா அப்பா காலத்துலேருந்து வந்த பழக்கம். முடியலன்னு சொன்னா மானம் போச்சு.

மறுபடி நாள் கேட்டுப் போனோம். இந்தத் தடவை ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போனோம். ஒரு மாசமா எழுதினது. இன்னைக்குச் சட்டை பட்டன் போட எத்தனை நிமிஷம், எந்த நாள் கால் மடங்கி விழுந்தாங்க, எந்த நாள் நல்லா இருந்தாங்க. நல்ல நாளையும் எழுதினோம். நடிக்கவும் இல்ல, மறைக்கவும் இல்ல. டாக்டரம்மா முழுசா படிச்சாங்க.

இனி கோயில் வாசல் விஷயத்துக்கு வர்றோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவங்களுக்கு உடம்பு நல்லா இருந்துச்சு. நவக்கிரகம் சுத்தணும்னு ஆசைப்பட்டாங்க. ஒன்பது சுத்து முடியாது, மூணு சுத்து. செவுத்தைப் பிடிச்சு, நின்னு நின்னு, இருபது நிமிஷம் ஆச்சு. கண்ணுல தண்ணியோட வந்தாங்க, அவ்வளவு சந்தோஷம். செருப்பு ரேக் பக்கத்துல ரெண்டு பேர் பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. "நவக்கிரகம் சுத்த முடியுது, வேலைக்குப் போக முடியலையாம். சொக்சோ காசு வருதுல்ல."

அன்னைக்கு வரைக்கும் காசு ஒரு வெள்ளி வரல.

அதுக்குப் பிறகு மூணு மாசம் அவங்க கோயிலுக்கு வரல. "யாராவது பார்த்துட்டு எழுதிப் போட்டா? போட்டோ எடுத்தா?"னு பயம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்துல வருஷா வருஷம் பந்தல்ல மோர் ஊத்துறவங்க, அந்த வருஷம் வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு டிவியில ரதம் பார்த்தாங்க. நோய் அவங்ககிட்டேருந்து ஒரு கையை எடுத்துச்சு. அந்த ஒரு வார்த்தை சாமி சந்நிதியையே எடுத்துடுச்சு.

பேசினவங்க மேல கோவம் இருக்கான்னு கேட்டா, இல்ல. ஏன்னா நாங்களும் அப்படிப் பேசினவங்கதான். தொழிற்சாலையில சூப்பர்வைசர் கூட்டம் நாங்க. காலையில லைன்ல ஆள் குறைஞ்சா முதல்ல வர்றது கோவம்தான். பல வருஷத்துக்கு முன்னால முதுகு வலின்னு அடிக்கடி எம்சி எடுத்த ஒரு தம்பி, சனிக்கிழமை கோயில்ல உட்கார்ந்து காய் நறுக்கினதைப் பார்த்தோம். திங்கட்கிழமை லைன் முழுக்கச் சொல்லிச் சிரிச்சோம். அந்தத் தம்பி பிறகு கோயில் பக்கமே வரல. வேலையையும் விட்டுட்டார். இன்னைக்கு நினைச்சா சோறு இறங்கல. எங்கே இருந்தாலும், தம்பி, எங்களை மன்னிக்கணும்.

உட்கார்ந்து ஒரு மணி நேரம் காய் நறுக்கிறது வேற. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுல நின்னுக்கிட்டே பெட்டி தூக்கிறது வேற. நல்ல நாள்ல மூணு சுத்து வர்றது வேற. நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காம வாரம் ஆறு நாள் மைக்ரோஸ்கோப் முன்னால ரெண்டு கையாலயும் வேலை செய்யறது வேற. கோயில்ல நாம பார்க்கிறது ஒருத்தரோட நல்ல நேரத்தை மட்டும்தான். வீட்டுக்குப் போய் அவங்க ரெண்டு நாள் எழுந்திரிக்காம படுத்திருக்கிறதை நாம பார்க்கிறதில்ல.

ஏமாத்துறவங்க இல்லவே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கலாம். அதைப் பார்க்கத்தான் டாக்டருங்க அடங்கிய மருத்துவக் குழு இருக்கு. செருப்பு ரேக் பக்கத்துல நாம இன்னொரு குழு வைக்க வேண்டாம்.

எங்களுக்கு எது உதவுச்சுன்னு சொல்றோம்.

ஒரே ஃபைல். ஐசி நகல், வங்கிக் கணக்கு, சம்பள ஸ்லிப், டாக்டர் கடிதம், எல்லாம் தேதி வாரியா. ராத்திரி பயம் வந்தா "எல்லாம் ஃபைல்ல இருக்கு"ன்னு சொல்லிக்கலாம்.

கவலைக்கு ஒரு நேரம். சாயங்காலம் தேத்தண்ணி குடிக்கும்போது அரை மணி நேரம் மட்டும்தான் பென்சனைப் பத்திப் பேசுவோம். படுக்கையில பேசக் கூடாது. முதல்ல கஷ்டம், பழகப் பழக வந்துச்சு.

டாக்டர்கிட்ட மனசையும் சொல்றது. கவர்மெண்ட் கிளினிக்ல தூக்கம் இல்ல, படபடப்புன்னு சொன்னோம். பைத்தியம்னு எழுதிடுவாங்களோன்னு பயந்தோம், அப்படி எதுவும் இல்ல. பொறுமையா கேட்டாங்க, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க, கவுன்சலிங்குக்கு அனுப்பினாங்க. இவங்க சரவணபவ சொல்லிக்கிட்டே மூச்சை மெதுவா விடுவாங்க. சாமியும் மருந்தும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. ராத்திரியில மனசு ரொம்ப உடைஞ்சா 15999 தாலியான் காசேக்கு அடிக்கலாம், மனநல உதவிக்கு 15555 இருக்கு.

கடைசியா, கூட வந்த ஒரு ஆள். கோயில்ல பிரசாதம் கொடுக்கிற ஒரு அக்கா, ஓய்வு பெற்ற ஆசிரியை, மருத்துவக் குழு முன்னால போற அன்னைக்கு லீவு போட முடியாத எங்களுக்காக அவங்களே கூட்டிக்கிட்டுப் போனாங்க. வெளிய நாற்காலியில கையைப் பிடிச்சு உட்கார்ந்திருந்தாங்க. "உள்ள போய் கபார் பாய்க்னு சொல்லாதம்மா"ன்னு மட்டும் காதுல சொன்னாங்களாம். எங்க வீட்டுல அதை இன்னும் சொல்லிச் சிரிப்போம்.

பென்சன் கிடைச்சது. பழைய சம்பளம் அளவு இல்ல, ஓட்டியும் இல்ல, ஆனா வீடு நடக்குது. கிடைக்காம இருந்திருந்தாலும் இந்தப் பதிவை எழுதியிருப்போம். மருத்துவக் குழு முடிவு சரியில்லன்னு பட்டா 90 நாளுக்குள்ள மேல்முறையீடு செய்யலாம். முதல் கடிதத்தோட மனசை விட்டுடாதீங்க. சிகிச்சை எடுத்து வேலைக்குத் திரும்ப முடியும்னு இருக்கிறவங்களுக்கும் பெர்கேசோவுல 2007-லிருந்து ஒரு திட்டம் நடக்குது. அதையும் கேளுங்க.

நம்ம கோயில் அன்பர்கள்கிட்ட ரெண்டு வேண்டுகோள்.

ஒண்ணு, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. உடம்பு முடியாத ஒருத்தர் கோயிலுக்கு வந்தா, "வந்துட்டீங்களா, உட்காருங்க"ன்னு ஒரு நாற்காலி போடுங்க. பென்சன் வருதா, எவ்வளவு வருதுன்னு கேக்காதீங்க. "எல்லாம் போன ஜென்மத்து வினை"ன்னும் சொல்லாதீங்க. பாரத்தோட உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அது ஆறுதல் இல்ல.

ரெண்டு, அன்னதானத்துக்குத் தொண்டர் இருக்காங்க, ரதம் இழுக்கத் தொண்டர் இருக்காங்க. கூடப் போறதுக்கும் தொண்டர் வேணும். மலாய்ல பாரம் எழுதத் தெரிஞ்ச பிள்ளைங்க, கார் வெச்சிருக்கிறவங்க, ஓய்வு பெற்றவங்க, பேர் கொடுங்க. கவுண்டர் முன்னால தனியா நிக்கிறவங்க பக்கத்துல ஒரு ஆள் நின்னாலே பாதிப் பயம் போயிடும். அதுவும் கைங்கரியம்தான்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு நாங்க ரெண்டு பேரும் பூக்கட்டுற இடத்துலதான் இருப்போம். பாரம் இருந்தா கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம். பேச மட்டும் ஆள் வேணும்னாலும் வாங்க. அவங்க இப்போ ஒரு கையால பூ எடுத்துக் கொடுப்பாங்க, பக்கத்துல இருக்கிறவங்க கட்டுவாங்க. நவக்கிரகம் இப்பவும் மூணு சுத்துதான்.

எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்கணும். யார் மனசையும் புண்படுத்த எழுதல.

வேலும் மயிலும் துணை.