அரையடி மண்ணும் அரைத்தொட்டி அறிவும்

நீர்ச்செடித் தொட்டிக்கு ஆறு அங்குல மண் வேண்டும், குறைத்தால் வேர் பட்டினி கிடக்கும் என்று தீர்ப்பெழுதியிருக்கும் நாகர்கோவில் நண்பர் சாட்சிக்கு இழுத்திருப்பது, 2022-இல் ராம்சார் பட்டியலேறிய சுசீந்திரம்–தேரூர் குளத்துத் தாமரையை. அது முழ ஆழச் சேற்றில் செழிக்கும்போது தொட்டிச் செடிக்கு மட்டும் என்ன கேடு என்கிறார். தாமரை நீருக்கு மேலே இலை நீட்டி, காம்பின் உட்குழல்கள் வழியே கிழங்குவரை காற்றை இறக்கிக்கொள்ளும் சாமர்த்தியக்காரி. மூழ்கியே கிடக்கும் வாலிஸ்னேரியா, பகலில் தானே சமைத்த ஆக்சிஜனில் கொஞ்சத்தை வேருக்கு அனுப்புமே தவிர, அதற்கு அந்தப் புகைபோக்கி எங்கே? போதாததற்கு, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் நின்ற கோடையில் வற்றும் பிற பாசனக் குளங்களில் சேறு வெடித்துக் காற்று வாங்கும். வண்டல் வயலுக்குப் போகும். இவருடைய கண்ணாடிக் குளம் எந்தக் கும்பப்பூ நெல் அறுப்புக்குப் பிறகு வற்றுகிறதாம்?

ஆழ மண்ணிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றம் வெறும் கட்டுக்கதையாம். மணலுக்குள் மெல்ல ஊறும் ஆக்சிஜனை மேலடுக்குப் பாக்டீரியாவே தின்று தீர்த்துவிட, கீழே இருப்பவை முதலில் நைட்ரேட்டையும் பிறகு இரும்பையும் கடைசியில் சல்ஃபேட்டையும் பிடிக்கும்; ஹைட்ரஜன் சல்ஃபைடு பிறப்பது அந்தக் கடைசிப் படியில்தான். அதற்கு நுண்மணலை அரையடி கொட்டிப் பாதை போட்டுக் கொடுப்பவர், மணவாளக்குறிச்சிக் கருமணல் அழகு என்று வேறு சிபாரிசு செய்கிறார். தோரியம் கொண்ட மோனசைட் கலந்ததென்று அருமணல் ஆலை பிரித்தெடுக்கும் மணலை, வரவேற்பறையில் பரப்ப என்ன துணிச்சல்!

இவற்றைவிட ரசமானது அவருடைய செடிப்பட்டியல்: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா பாசி. மூன்றும் கல்லிலோ கட்டையிலோ கட்டி வளர்ப்பவை. முதலிரண்டின் கிழங்குத்தண்டைப் புதைத்தால் அழுகிப்போகும். வேர்ப் பட்டினிக்குக் கண்ணீர் விட்டவர், மண்ணே கேட்காத செடிகளுக்கு அரையடி மண் கேட்பானேன்?

கணக்குப் போட்டால் விளங்கும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத் தொட்டியில் ஆறு அங்குலம் என்றால் 27 லிட்டர் மண். மீனுக்கு மிஞ்சுவது பாதித் தொட்டி. செடிமண் 9 லிட்டர் மூட்டையாக விற்கிறது. சொல்லிவைத்தாற்போல் மூன்று மூட்டை! அன்னார் செடிமண் வியாபாரி என்பதை வாசகர் இந்நேரம் ஊகித்திருப்பார். தொட்டி மண்ணைப் பற்றி 1999-இல் நூலெழுதிய டயானா வால்ஸ்டட், ஓர் அங்குலமோ ஒன்றரையோ தோட்டமண், மேலே ஏறக்குறைய அதேயளவு சரளை என்று முடித்துக்கொண்டார். முன்புறம் ஒன்றரை, பின்புறம் மூன்று அங்குலமென்று சரித்தால் பத்து லிட்டரில் காரியம் முடியும். மிச்ச மூட்டை கடையில தேங்கினா அதுக்குச் செடியா பொறுப்பு, வே?